கொடுப்பவர் பெண், பெறுபவர் ஆண்: எண்ணூர்க் கரையில் சிறுநீரக நோய்

1. ஆய்வுப் பொருள்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊர் நெட்டுக்குப்பம். அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவும் இப்பகுதியைச் செய்திகளில் கொண்டுவந்தன. அவற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு இங்கே பேசப்படவில்லை. இது போன்ற ஊரில் நோய் வந்தபின் ஆணின் வழியும் பெண்ணின் வழியும் ஏன் பிரிகின்றன என்பதே கேள்வி.

உலகளவில் நாட்பட்ட சிறுநீரக நோய் பெண்களிடம் சற்று அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஆண்கள் அதிகம். பெண்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறது என்று மருத்துவர்கள் சொல்லும் காரணம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதை எப்படி விளக்குவது?

2. கண்டறிதல்

சிறுநீரகத்தைச் சோதிக்க இரத்தத்தில் அளக்கப்படும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்ணுக்குத் தசை குறைவு என்பதால், ஒரே எண் இருவருக்கும் ஒரே பொருள் தராது. ஐம்பது வயதில் இருவருக்கும் கிரியேட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்வோம். 2021-இல் வந்த கணக்கீட்டு முறைப்படி ஆணின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 74, பெண்ணுக்கு 55. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாட்பட்ட நோய். 'ஒன்று புள்ளி இரண்டுதானே, பயமில்லை' என்று சொல்லி அனுப்பும் இடத்தில் தவறவிடப்படுபவர் பெரும்பாலும் பெண்தான்.

3. டயாலிசிஸ்

வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸுக்காக இரத்த நாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பாரம் தூக்கக் கூடாது. வலை இழுக்கும் ஆணுக்கும் மீன்கூடை தூக்கும் பெண்ணுக்கும் இது ஒரே இழப்பு. ஆனால் பெண்களின் நாளங்கள் மெல்லியவை. ஃபிஸ்டுலா பயன்படும் அளவுக்கு முதிராமல் போவது அவர்களிடம் கூடுதல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம். நோயாளி கணவன் என்றால் பை மாற்ற மனைவி நிற்பாள். நோயாளி அவளே என்றால், அடுப்பையும் பார்த்துக்கொண்டு பையையும் அவளேதான் மாற்ற வேண்டியிருக்கும்.

4. கொடுப்பவர்

பழைய கதை சென்னை வில்லிவாக்கத்தில் தொடங்குகிறது. சிறுநீரகம் விற்றவர்கள் பெருகி 'கிட்னிவாக்கம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளர் சென்னையில் விற்ற பெண்களிடம் பேசி 1999-இல் எழுதினார். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முன்பே செய்துகொண்டவர்கள் அவர்கள்; இன்னொரு அறுவை அவர்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-இல் நடந்த ஆய்வு 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது: 71 விழுக்காட்டினர் பெண்கள், 96 விழுக்காட்டினர் கடனுக்காக விற்றவர்கள், அறுவைக்குப் பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடனோ பெரும்பாலோருக்குத் தீரவில்லை.

விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சுனாமிக்குப் பின் எண்ணூரை அடுத்த எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007 ஜனவரியில் வெளிவந்தது. கடலை விட்டு விலக்கி வைத்ததில் கணவனின் தொழில் போனது. கடனை அடைத்தது மனைவியின் உடல்.

விற்பனையை விடுங்கள், முறையான தானத்தைப் பாருங்கள். 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிருடன் உறுப்பு கொடுத்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காடு பெண்கள். பெற்றவர்களில் 70 விழுக்காடு ஆண்கள். கொடுப்பவர் பெண்ணானால் கூடுதல் கவனம் வேண்டும், அவரது சொந்தச் சம்மதத்தைப் பெறுபவரல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. 'சம்பாதிக்கிறவர் அவர்' என்று வீடே சொன்னபின் பெறும் கையெழுத்தில் சொந்தச் சம்மதம் எவ்வளவு என்பதை எந்தப் படிவமும் அளக்காது.

5. உயிரியலின் பங்கு

ஒன்றை மறைக்கக் கூடாது: மனைவிக்குக் கணவன் கொடுக்காததற்கு உயிரியலும் ஒரு காரணம். கணவனின் பிள்ளைகளைச் சுமந்த உடலில் அவனது திசுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருக்கலாம். அப்போது அவன் விரும்பினாலும் அவன் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தாது. ஆகவே மூளைச்சாவு அடைந்தவர்களின் கொடையே அவளுக்கு நல்ல வழி. அங்கே வரிசையை வீடு தீர்மானிப்பதில்லை. தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு 2025 ஆகஸ்டில் காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்கு முன்னுரிமை தரச் சொன்னது இதனால் சரியான முடிவு. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏற, முதலில் நோய் தெரிந்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினினோடு வடிகட்டும் திறனையும் அச்சிட எந்தப் புதுக் கருவியும் தேவையில்லை. அது அச்சில் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பெண்களுக்காகக் கேட்டு வாங்குங்கள்.