சாஷூ ராமென்

சாஷூ ராமென் என்பது கோதுமை நூடுல்ஸைச் சூடான சூப்பில் இட்டு, மேலே பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கிப் பரிமாறும் ஜப்பானிய உணவு. அந்த இறைச்சிதான் சாஷூ. ஜப்பானியர் ராமெனைப் பெரும்பாலும் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். பன்றி எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிடும் வேலை வீட்டு அடுப்புக்கு ஒத்துவராது. வீட்டில் செய்பவர்கள் சூப்பைவிட இறைச்சியில் கவனம் வைப்பதே சரி. சூப்புக்கு வேண்டிய உப்புச்சுவை, முட்டை ஊறும் நீர், மேலே மிதக்கும் கொழுப்பு என எல்லாமே அந்த ஒரு இறைச்சித் துண்டைச் சுடுவதிலிருந்து கிடைத்துவிடும்.

ராமெனின் வேர் சீனச் சமையலில் இருக்கிறது. 1910இல் ஒசாகி கன்இச்சி என்பவர் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்து, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை வரவழைத்தார். சோயா சாஸ் கலந்த தெளிந்த சூப் டோக்கியோவின் அடையாளமானது. பின்னாளில் சப்போரோ நகரம் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனுக்கும், கியூஷூ தீவு வெண்ணிற எலும்பு சூப்புக்கும் பேர்பெற்றன.

சாஷூ, கான்டன் வட்டாரத்துச் சார் சியூவின் வழியில் வந்தது. சீனர்கள் இறைச்சியை ஊறவைத்து, கொக்கியில் மாட்டி, அடுப்புக்குள் தொங்கவிட்டுச் சுடுவார்கள். ஜப்பானியக் கடைகள் பலவும் இன்று அதைச் சோயா சாஸில் மெல்ல வேகவைக்கின்றன. அது வாயில் கரையும் அளவுக்கு மென்மையாக இருக்கும். தொங்கவிட்டுச் சுடும் பழைய முறையைக் கைவிடாத கடைகளும் உண்டு. சுட்ட சாஷூவின் விளிம்பில் இருக்கும் லேசான கருகல் மணமும், கடிக்கும்போது பல்லுக்குக் கிடைக்கும் பதமும் வேகவைத்ததில் வருவதில்லை. தெளிந்த சோயா சூப்புக்குச் சுட்டதே பொருத்தம்.

சுட்ட சாஷூவுக்குப் பன்றியின் கழுத்தை ஒட்டிய தோள்பகுதி ஏற்றது. கொழுப்பு இறைச்சியின் ஊடே ஓடியிருப்பதால் சுடும்போது வறண்டுபோகாது. ஒரு கிலோ துண்டை உருளையாகப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, 200 மி.லி. சோயா சாஸ், 100 மி.லி. மிரின் (இனிப்பு அரிசி மது), 100 மி.லி. சாகே (அரிசி மது), இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, தட்டிய இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவற்றில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிட வேண்டும். பிறகு 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் கம்பித் தட்டின்மேல் வைத்து, அடியில் தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்றையும் வைக்க வேண்டும். சொட்டும் கொழுப்பு கருகிப் புகையாமல் அந்தத் தண்ணீரில் சேரும். ஆறியதும் மேலே படியும் வெள்ளைக் கொழுப்பை வழித்து எடுத்துக்கொள்ளலாம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடும். கடைசிப் பத்து நிமிடம் 220 டிகிரிக்குக் கூட்டி, ஊறல் நீரைப் பூசிப் பூசிச் சுட்டால் மேற்புறம் பளபளவென்று கருஞ்சிவப்பாகும்.

சுட்ட உடனே வெட்டக் கூடாது. துண்டு சிதறிவிடும், நீரும் வடிந்துவிடும். சில மணி நேரம் குளிரவைத்துக் கூரான கத்தியால் அரிந்தால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் வட்ட வட்டமாக வரும்.

மிஞ்சிய ஊறல் நீரில் பச்சை இறைச்சி கிடந்திருப்பதால், அதை நன்றாகக் கொதிக்கவைத்து, நுரையை நீக்கி வடிகட்டியே பயன்படுத்த வேண்டும். அதுதான் தாரே. ராமென் சூப்பை உப்பில்லாமல்தான் காய்ச்சுவார்கள். கிண்ணத்தின் அடியில் ஊற்றும் தாரேதான் அதற்கு உப்பும் நிறமும் தரும். 300 மி.லி. சூப்புக்கு 30 மி.லி. என்று தொடங்கி ருசி பார்த்துக் கூட்டலாம். ஆறரை நிமிடம் வெந்து, குளிர்ந்த நீரில் ஆறிய முட்டையை உரித்து, தண்ணீர் கலந்த தாரேயில் சில மணி நேரம் போட்டுவைத்தால் ராமென் முட்டை தயார்.

வீட்டு சூப்புக்குக் கோழி எலும்பே போதும். மூன்று, நான்கு மணி நேரம் தளதளவென்று கொதிக்காமல் சிறு தீயில் வைத்தால் தெளிவாக இருக்கும். கொம்பு கடற்பாசியையும், சீவிய கட்சுஒபுஷி மீனையும் வேறு பாத்திரத்தில் ஊறவிட்டு வடித்துச் சேர்க்க வேண்டும். கொம்புவின் சுவைக்குக் குளூட்டமேட் காரணம் என்று 1908இல் இகேடா கிகுனாயே கண்டறிந்தார். கட்சுஒபுஷியில் இருப்பது இனோசினேட் என்று 1913இல் கொதாமா ஷின்தாரோ கண்டார். இரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகிறது.

நூடுல்ஸின் மஞ்சள் நிறமும் துள்ளலும் கன்சுய் என்ற கார உப்பால் வருபவை. அது கிடைக்காவிட்டால் சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறும். அதை வெறுங்கையால் தொடக் கூடாது. 100 கிராம் மைதாவுக்கு ஒரு கிராம் போதும், தண்ணீர் 38 மி.லி. மாவு புட்டுமாவு போல உதிரியாகத்தான் இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றிவிடக் கூடாது. அரை மணி நேரம் மூடிவைத்து இயந்திரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேர்ந்துகொள்ளும்.

வெந்நீரில் சூடாக்கிய கிண்ணத்தில் தாரே, வழித்த கொழுப்பு, கொதிக்கும் சூப், வெந்து நீர் வடிந்த நூடுல்ஸ் என்ற வரிசையில் சேர்த்து, சாஷூவை மேலே வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துண்டைச் சூடான வாணலியில் ஒருமுறை புரட்டி எடுப்பது நல்லது. இல்லையென்றால் சூப் ஆறிவிடும். வெங்காயத்தாள், மென்மா (புளிக்கவைத்த மூங்கில் குருத்து), நோரி (கடற்பாசித் தாள்), பாதியாக அரிந்த முட்டை ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்கலாம். வடிவமாக அரிய வராத ஓரத்துண்டுகளை ராமென் கடைகள் வீணாக்குவதில்லை. பொடியாக நறுக்கி, சோற்றின்மேல் போட்டு, தாரே ஊற்றிச் சாஷூதோன் என்று பரிமாறுகிறார்கள்.