எரித்தவர்கள் எழுதி வைத்த பட்டியல்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அங்கே மிளகுக் குத்தகை எடுத்திருக்கும் கேரள நண்பர் ஒருவர், சிரியன் கிறிஸ்தவர். (ஏற்காட்டில் 'மலையாளி' என்றால் சேர்வராயன் மலைப் பழங்குடிகள் என்று பொருள். அதனால்தான் கேரள நண்பர் என்கிறேன்.) தெற்கு பிரான்சின் கத்தார்கள் பற்றி நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் சட்டென்று சொன்னார்: "எங்க ஊருக்கும் வந்தாங்க சார். ஆளை எரிக்கல, புஸ்தகத்தை எரிச்சாங்க."

கத்தார்கள் கதை தெரிந்ததுதான். ரோமத் திருச்சபைக்கு வெளியே தங்களுக்கென ஒரு கிறிஸ்தவ வாழ்க்கை வைத்திருந்தவர்கள். 1209ல் அவர்கள் மேல் சிலுவைப்போர் தொடங்கியது. 1244ல் மோன்செகூர் கோட்டை விழுந்தபோது 200 பேருக்கு மேல் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் எழுதியதில் தப்பியது கொஞ்சம்தான். மற்றதையெல்லாம் விசாரணை செய்தவர்களின் குறிப்புகளிலிருந்தே அறிகிறோம்.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் எந்தச் சபையிலிருந்தும் பிரிந்து போனவர்கள் அல்ல. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மெசபடோமியாவிலிருந்து ஆயர்கள் வந்தார்கள், சிரியாக் மொழியில் வழிபாடு நடந்தது. வந்தவர்களின் கணக்கில் அது 'நெஸ்டோரியப் பிழை'. 431ல் எபேசு சங்கம் கண்டித்த ஒருவரின் பெயரில், பதினாறாம் நூற்றாண்டு மலபார்க்காரர்கள் குற்றவாளி ஆனார்கள்!

1597ல் அவர்களுடைய ஆயர் மார் ஆபிரகாம் இறந்தார். இரண்டே வருடத்தில் கோவா பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் நேரில் வந்து, 1599 ஜூனில் உதயம்பேரூரில் ஒரு சினட் கூட்டினார். சிரியாக் நூல்களை ஒப்படைக்க வேண்டும். திருத்த முடிந்தது திருத்தப்படும், மற்றவை அழிக்கப்படும் என்பது உத்தரவு.

எந்த நூல்கள் கூடாது என்று அந்தத் தீர்மானங்கள் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகின்றன. மீட்பரின் குழந்தைப்பருவம் பற்றி ஒன்று, பாரசீக மருத்துவம் என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் என்ன 'பிழை' என்றும் சொல்கிறார்கள். தீர்மானங்கள் 1606ல் போர்ச்சுகலின் கோயிம்பிராவில் அச்சாகின. இன்று அந்த மக்கள் என்ன படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். எரித்தவர்களே நூலக அட்டவணையும் எழுதி வைத்துவிட்டார்கள்.

இதில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1652ல் மேற்காசியாவிலிருந்து வந்த அகத்தல்லா என்ற ஆயரை மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர் பிடித்து வைத்தார்கள். அங்கே யாத்திரை வந்திருந்த மலபார்த் திருத்தொண்டர்களிடம் அவர் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது, ஆயுதத்தோடு கூடிய மக்கள் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். காட்டவில்லை. கப்பல் கோவாவுக்குப் போய்விட்டது. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையில் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் மக்கள் கூடி, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சிலுவையில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்தபடி உறுதி எடுத்தார்களாம். கூனன் குரிசு சத்தியம் என்பது அதுதான். பிறகு ஒரு பகுதியினர் ரோமிடம் திரும்பினார்கள், ஒரு பகுதியினர் திரும்பவில்லை. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை.

நண்பரிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அதுல எத்தனை இப்ப இருக்கு சார்?"

சில நூல்கள் வேறு நாட்டுப் பிரதிகளில் தப்பியிருக்கின்றன. ஆனால் அவருடைய முன்னோர்கள் கையால் எழுதி, விளிம்பில் குறிப்பு வைத்த ஏடுகளுக்கு எந்தப் பிரதியும் ஈடாகாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.