“வரையில்” என்றொரு சொல்

மின்கட்டணம் இரண்டாயிரம் லிராகூட இல்லை. ஆயினும் கட்ட மறுத்தார், மிலான் நகர வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா. இத்தாலி அரசு மின்சாரத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்த ரோம் ஒப்பந்தத்துக்கு முரண் என்பது அவர் வாதம். வழக்கு சிறிது, அது எழுப்பிய கேள்வியோ பெரிது. நாடு இயற்றிய சட்டம் மேலா, நாடுகள் கூடி ஏற்ற சட்டம் மேலா?

பிந்தி வந்த நாட்டுச் சட்டமே செல்லும் என்றது, 1964 மார்ச்சில், இத்தாலியின் அரசியல் சட்ட நீதிமன்றம். கூட்டுச் சட்டமே மேல் என்றது, அதே ஆண்டு ஜூலை 15-இல், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்.

மேல் என்றால் எதற்கு மேல்? மனிதனின் அடிப்படை உரிமைக்கும் மேலா?

மக்காச்சோள மாவு ஏற்றுமதி செய்த ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் ஈட்டுத்தொகை பறிபோனபோது அக்கேள்வி எழுந்தது. நாட்டு அரசியல் சட்டத்தைக் காட்டிக் கூட்டுச் சட்டத்தை வீழ்த்தலாகாது, உரிமைகளை நாமே காப்போம் என்று 1970-இல் லக்சம்பர்க் கூறிற்று.

ஜெர்மனி உடனே தலையாட்டிவிடவில்லை. சட்டத்தின் பெயராலேயே மனிதனை மனிதனல்லன் என்றாக்கிய இட்லர் ஆட்சியைக் கண்ட நாடல்லவா அது! 1949-இல் அது எழுதிய அடிப்படைச் சட்டத்தின் முதல் விதியே, மனித மாண்பு மீறவொண்ணாதது என்பதுதான். அதனைக் காக்கும் கார்ல்சுரூ நீதிமன்றம் 1974 மே 29-இல் தீர்ப்பளித்தது: மக்கள் பேரவை இயற்றிய உரிமைப் பட்டயம் ஐரோப்பாவுக்கு இல்லாத வரையில், கூட்டுச் சட்டத்தை உரசிப் பார்க்கும் பொறுப்பு எமக்குண்டு!

“வரையில்” — ஒரே சொல். அடிபணிதலும் இல்லை அதில், அறுத்துக்கொண்டு போதலும் இல்லை. 1986-இல் அச்சொல்லே திரும்பி நின்றது: உரிமைகளை ஐரோப்பிய நீதிமன்றம் காத்துவரும் வரையில், நாம் தலையிடோம்! 2009 டிசம்பரில் ஐரோப்பிய உரிமைப் பட்டயம் சட்ட வலிமையும் பெற்றது. கேள்வி கேட்டதால் கூட்டு குலையவில்லை. கூட்டுக்கு அறம் கூடிற்று.

ஆனால் இதே வாளை வேறு கையும் எடுத்தது. போலந்து அரசு நீதிபதிகளைத் தன் பிடிக்குள் கொணர முனைந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் தடுத்தது. 2021 அக்டோபர் 7-இல் போலந்தின் அரசியல் சட்டத் தீர்ப்பாயம், ஒப்பந்த விதிகள் சில எம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அறிவித்தது. நீதிபதிகளைத் தண்டிக்கும் மன்றத்தை நிறுத்திவைக்க மறுத்ததற்காக, அம்மாதமே நாளொன்றுக்குப் பத்து இலட்சம் யூரோ தண்டம் விழுந்தது.

கார்ல்சுரூவும் மறுத்தது; வார்சாவும் மறுத்தது. இரண்டும் ஒன்றா? முன்னது குடிமகனின் உரிமைக்கு அரணாக நின்றது. பின்னது ஆள்வோரின் பிடிக்கு அரணாயிற்று. இறைமை என்ற சொல் இருவர் வாயிலும் இனிக்கத்தான் செய்யும்!

எனவே தோழர்களே, எந்த மன்றம் உயர்ந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். யாருடைய உரிமைக்காக அது எழுந்தது என்றும் கேளுங்கள். எந்த அதிகாரமும் புனிதமானதன்று. மனிதனைக் காக்கும் வரையில்தான் அதற்கு மதிப்பு!