டெக்கீலா பாட்டில்ல 'கோல்டு'ன்னு இருந்தா நம்பலாமா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வர்ற ஒவ்வொரு குடும்பத்துலயும் விவரமான பெரியம்மா ஒருத்தர் இருப்பாங்க. கடைக்காரர் விரிச்சுக் காட்டுற கலரை அவங்க கண்டுக்கவே மாட்டாங்க. முந்தானையில ஒரு ஜரிகை இழையைப் பிடிச்சு நகத்தால சுரண்டுவாங்க. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சா அசல். செம்பு எட்டிப் பார்த்தா, பேசாம அடுத்த கடைக்குக் கிளம்பிடுவாங்க.

டெக்கீலா வாங்கும்போது நம்மகூட அந்தப் பெரியம்மா வர்றதில்லை. அதனால, பாட்டில் பொன்னிறமா இருந்தாலே ஒசத்தின்னு நம்பி, கூடுதல் காசு கொடுத்துட்டு வர்றோம். (21 வயசு ஆகாதவங்களுக்குத் தமிழ்நாட்டுல மது விற்கவே கூடாது. மது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்றதுக்கு இல்லை, ஏமாறாம இருக்க.)

முதல்ல, டெக்கீலா எதுலேர்ந்து வருது? நிறைய பேர் நினைக்கிற மாதிரி கள்ளிச்செடி இல்லை. 'நீல அகேவ்' என்கிற கத்தாழை. நம்ம ஊர்ல ரயில்வே லைன் ஓரமா ஆளுயரத்துக்கு முள்ளோட நிக்குமே ஆனைக்கத்தாழை, அதோட சொந்தக்காரச் செடி. மெக்சிகோவில் இது முத்தி வர 6, 7 வருஷம் ஆகும். மடலை எல்லாம் சீவித் தள்ளினா, நடுவுல பெரிய அன்னாசிப்பழம் மாதிரி ஒரு கிழங்கு. அதை வேகவச்சு, நசுக்கி, சாறெடுத்து, புளிக்கவச்சு, குறைஞ்சது ரெண்டு தடவை காய்ச்சி வடிச்சா டெக்கீலா.

இங்கேதான் 'ஜரிகை' வருது. புளிக்கவைக்கிற சாறுல இருக்கிற சர்க்கரை முழுக்க அகேவ்ல இருந்தே வந்திருந்தா, லேபிள்ல '100% அகேவ்'னு போடலாம். அப்படி இல்லாம 51 சதவீதம் அகேவ் இருந்தாலே போதும், மீதி 49 சதவீதத்துக்குக் கரும்புச் சர்க்கரையோ சோளச் சர்க்கரையோ கலந்துக்கலாம்னும் மெக்சிகோ சட்டம் அனுமதிக்குது. இந்தக் கலப்பு ரகத்துக்குப் பேச்சுவழக்குல 'மிக்ஸ்டோ'ன்னு பேர். ஆனா எந்தக் கம்பெனியும் அந்த வார்த்தையை லேபிள்ல போடாது. வெறும் 'டெக்கீலா'ன்னு மட்டும்தான் இருக்கும். அதாவது, 100% என்கிற வார்த்தை இல்லைன்னா அது கலப்புன்னு நீங்களே புரிஞ்சுக்கணும். கலப்பு ரகத்தை டேங்கர்ல ஏற்றி வேற நாட்டுக்கு அனுப்பி, அங்கே பாட்டில்ல அடைக்கவும் அனுமதி உண்டு. 100% ரகத்தை அந்த மண்ணுலயே அடைக்கணும்.

கலர் கதை தனி. காய்ச்சி வடிச்சு, ஊறவைக்காம, இல்லைன்னா ரெண்டு மாசத்துக்குள்ள பாட்டிலுக்குப் போறது 'பிளாங்கோ'. தண்ணி மாதிரி இருக்கும். கத்தாழையோட பச்சை வாசனையும் மிளகு மாதிரி ஒரு காரமும் அப்படியே தெரியும். ஓக் மரத்துல குறைஞ்சது ரெண்டு மாசம் ஊறினா 'ரெபொசாடோ', லேசா மஞ்சள். 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில ஒரு வருஷம் இருந்தா 'அன்யேஹோ', மூணு வருஷம் தாண்டினா 'எக்ஸ்ட்ரா அன்யேஹோ'. இந்தக் கடைசி வகை 2006-லதான் தனியா வந்துச்சு. அமெரிக்க போர்பன் விஸ்கி ஊறின பழைய பீப்பாய்களைத்தான் நிறைய பேர் பயன்படுத்துறாங்க. அதனால வயசு ஏற ஏற வெனிலா, கேரமல் வாசனை கூடும், கத்தாழை வாசனை பின்னாடி போயிடும். என்னைக் கேட்டா, செடி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க பிளாங்கோதான் சரி. மூணு வருஷம் ஊறினதுக்கு அத்தனை விலை கொடுத்துட்டு, 'விஸ்கி மாதிரியே இருக்கு'ன்னு பாராட்டுறதுல என்ன இருக்கு?

அப்போ 'கோல்டு'? சட்டத்துல இதுக்கு 'ஹோவென்'னு பேர், அதாவது இளசு. பிளாங்கோவோட கொஞ்சம் ஊறின டெக்கீலாவைக் கலந்தும் செய்யலாம், கேரமல் நிறம் சேர்த்தும் செய்யலாம். விலை மலிவான கோல்டுல பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்குது. உப்பு, எலுமிச்சை வச்சு ஒரே மடக்குல விழுங்குறது இந்த மாதிரி சரக்கோட கரகரப்பை மறைக்கத்தான் உதவுது. 100% ரகத்தை மெக்சிகோவில் பொறுமையா உறிஞ்சிக் குடிக்கிறாங்க.

இன்னொரு குழப்பம், பாட்டிலுக்குள்ள புழு. அது டெக்கீலா இல்லை, சில மெஸ்கால் பாட்டில்கள். மெஸ்கால் பல வகைக் கத்தாழையில செய்யலாம். குழி தோண்டி, சூடான கல்லுக்கு மேல கிழங்கைச் சுடுறதால புகை வாசனை அடிக்கும்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அதை வழங்கின சென்னை கிண்டி பதிவு அலுவலகத்துலயே டெக்கீலாவும் பதிவாகியிருக்கு. 1974-ல மெக்சிகோ இந்தப் பேரைத் தன் மண்ணோட கட்டிப்போட்டுச்சு. ஹலிஸ்கோ மாநிலம் முழுக்க, இன்னும் நாலு மாநிலங்கள்ல சில பகுதிகள். அங்கே செஞ்சாதான் டெக்கீலா.

அதனாலதான் ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்துல, காஞ்சிபுரத்துலேர்ந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்ல, தக்காணத்துக் கத்தாழையைக் காய்ச்சி வடிச்ச டெஸ்மண்ட் நசரேத் தன் சரக்கை டெக்கீலான்னு சொல்லிக்க முடியலை. 'டெஸ்மண்ட்ஜி'ன்னு தன் பேரையே வச்சு, அகேவ் மதுன்னு விற்க ஆரம்பிச்சார். கோவாவில் செய்யற 'பிஸ்டோலா'வும் அதே கதைதான். ரெபொசாடோ, அன்யேஹோன்னு வகை பிரிச்சிருக்காங்க, ஆனா டெக்கீலா என்கிற சொல் மட்டும் கிடையாது. இவங்க ரெண்டு பேரும் தரத்துல கீழேன்னு இதுக்கு அர்த்தமில்லை. தறியும் நெசவாளியும் எவ்வளவு நல்லா இருந்தாலும், சூரத்ல நெய்த சேலையைக் காஞ்சிபுரம் பட்டுன்னு விற்க முடியாதில்லையா, அதே கணக்கு. டெஸ்மண்ட்ஜி 51% அகேவ், 100% அகேவ்னு ரெண்டு சரக்கு கொண்டு வந்தப்போ, ரெண்டோட லேபிள்லயும் அந்த எண்ணை வெளிப்படையா போட்டது எனக்குப் பிடிச்சிருந்தது. மெக்சிகோ கம்பெனிகளே இந்த 51-ஐச் சொல்றதில்லை.

சரி, கடையில பெரியம்மா இல்லாத நேரத்துல என்ன செய்யறது? பாட்டிலைத் திருப்புங்க. '100% அகேவ்' இருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்து 'நோம்'னு மூணு ஆங்கில எழுத்தும், கூடவே நாலு இலக்க எண்ணும் இருக்கும். அது தயாரிப்பாளரோட அடையாள எண். அந்த எண்ணை நெட்ல தேடினா எந்த ஆலையில செஞ்சதுன்னு வந்துடும். பளபளப்பா வேற வேற பேர்ல நிக்கிற ரெண்டு, மூணு பிராண்ட் ஒரே ஆலையில இருந்து வர்றதும் அப்போதான் தெரியும். 100% பாட்டிலாவே இருந்தாலும் ஊறின வகைகள்ல எடைக்கு 1 சதவீதம் வரை கேரமல், கிளிசரின், சர்க்கரைப் பாகு, ஓக் சாறு சேர்க்க அனுமதி இருக்கு. அதை லேபிள்ல தேடாதீங்க, எழுதியிருக்க மாட்டாங்க.