ஒரு நோய், இரு வரலாறுகள்: முதுமைசார் மாகுலா சிதைவை மருத்துவம் அறிந்த விதம்

விழித்திரையின் நடுவில் மஞ்சள் சாயல் படிந்த ஒரு சிறு பகுதி உண்டு. இத்தாலியரான பிரான்செஸ்கோ புட்சி 1782-இலும், ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சாமுவேல் தாமஸ் சோமெரிங் 1791-இலும் அதைக் கண்டு குறித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது, முகம் பார்த்து ஆளை அறிவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் மாகுலா எனப்படும் இந்த இடத்தின் வேலை. ஐம்பது வயதுக்குப் பிறகு சிலருக்கு இது சீர்கெடுகிறது. பக்கவாட்டுப் பார்வை தங்கிவிடும்; நேர்ப்பார்வை போய்விடும்.

இந்நோய்க்கு இரு வகைகள் உண்டு. உலர் வகையில் விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமி அடுக்கும், அதைச் சார்ந்த ஒளியுணர் செல்களும் ஆண்டுக்கணக்கில் தேய்கின்றன. ஈர வகையில் அடியிலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்து, சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு உலர் வகையினர்; ஆனால் கடுமையான பார்வையிழப்பில் பெரும்பகுதிக்கு ஈர வகையே காரணமாக இருந்தது. இவ்விரண்டும் ஒரே நோய்தான் என்று மருத்துவம் அறிய எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அறிந்த பிறகும் இரண்டுக்குமான சிகிச்சை ஒரே பாதையில் செல்லவில்லை. அந்தப் பிரிவு எங்கே நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை தேடுகிறது.

உயிருள்ளவரின் விழித்திரையைப் பார்க்க முடிந்தது 1851-க்குப் பிறகுதான். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் விழிநோக்கியை வெளியிட்ட ஆண்டு அது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, நெதர்லாந்தின் டோண்டர்ஸ் வயதானோர் கண்களில் நிறமி அடுக்கின் அடியில் சேரும் மஞ்சள் படிவுகளை விவரித்தார். ட்ரூசன் என இன்று அழைக்கப்படும் இவையே நோயின் முதல் அடையாளம். 1870-களின் நடுவில் லண்டனில் ஜானதன் ஹட்சின்சனும் வாரன் டேயும் முதியோரின் இரு கண்களிலும் ஒத்த தோற்றத்தில் வரும் மாகுலா நோயைப் பதிவு செய்தனர். 1885-இல் சுவிட்சர்லாந்தின் ஓட்டோ ஹாப் இதைத் தனியொரு முதுமை நோயாக நிறுவினார். அவர் சொன்னது, இன்றைய கணக்கில், பெரிதும் உலர் வகை. 1926-இல் ஜூனியஸ், கூன்ட் என்ற இரு ஜெர்மானியர்கள் மாகுலாவில் தட்டு வடிவில் தழும்பு ஏறும் நிலையைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அது ஈர வகையின் முற்றிய நிலை. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன.

இந்தச் சுவரை உடைக்க உதவியது ஒரு சாயம். இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான ஹரால்ட் நோவோட்னியும் டேவிட் ஆல்விஸும் கைச்சிரையில் ஃப்ளூரசின் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படம் பிடித்தார்கள். முதலில் சாயம் ஏற்றிக்கொண்டவர் ஆல்விஸே. கண் மருத்துவ இதழ் அக்கட்டுரையை ஏற்கவில்லை. 1961-இல் இரத்த ஓட்டவியல் இதழொன்று வெளியிட்டது. துறைக்கு வெளியே ஒதுங்கிய இந்த உத்தியைக் கையில் எடுத்தவர் மயாமியின் டொனால்ட் காஸ். 1967-இல் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொடர், ட்ரூசன் படிவும் தேய்வும் புதுக்குழாய்க் கசிவும் தட்டுத் தழும்பும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் என்று காட்டியது. ஹாபும் கூன்டும் பார்த்தது ஒரே நோயைத்தான் என்ற முடிவு அப்போதுதான் நிலைபெற்றது. இந்த வரலாற்றின் மிகப் பெரிய அறிவுப் பாய்ச்சல் இதுவே என்பது என் மதிப்பீடு. பின்னர் வந்த மருந்துகளின் புகழில் அது மங்கிவிட்டது.

அறிவு இப்படி ஒன்றுசேர்த்ததைச் சிகிச்சை மீண்டும் பிரித்தது. கசியும் குழாயைக் கண்ணால் காண முடிகிறது. அப்படியானால் அதைச் சுட்டுவிடலாமே? அமெரிக்காவில் நடந்த மாகுலா லேசர் ஆய்வு 1982-இல் தந்த விடை நம்பிக்கை ஊட்டியது. சிகிச்சை பெறாத கண்களில் பதினெட்டு மாதங்களில் 60 விழுக்காடு கடும் பார்வையிழப்பு அடைந்தன. லேசர் பெற்றவற்றில் 25 விழுக்காடு. ஆனால் குழாய் மாகுலாவின் மையப் புள்ளிக்கு அடியில் இருந்தால், அதைச் சுடும் லேசர் அந்தப் புள்ளியையும் சேர்த்தே சுட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் குழாய் திரும்பவும் முளைத்தது. இன்டர்ஃபெரான் ஊசி பலன் தரவில்லை. 2000-இல் வந்த வெர்டிபோர்ஃபின் மருந்து ஒளிபட்டால் மட்டும் குழாயை அடைத்து, பார்வை சரிவதன் வேகத்தைக் குறைத்தது. போன பார்வையை மீட்கும் மருந்து அதுவரை இல்லை.

அந்த மருந்தின் விதை கண் மருத்துவத்தில்தான் விழுந்திருந்தது; முளைத்து வளர்ந்தது புற்றுநோய் ஆய்வில். விழித்திரைக் குழாய்கள் வளர்வதை ஆராய்ந்த ஐசக் மைக்கேல்சன், பரவக்கூடிய ஏதோ ஒரு பொருள் அவ்வளர்ச்சியைத் தூண்டுவதாக 1948-இலேயே கருதினார். புற்றுக்கட்டி தனக்கென இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது, அதைத் தடுத்தால் கட்டி ஒடுங்கும் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் வாதிட்டபோது பலர் நம்பவில்லை. 1983-இல் செங்கரும் டுவோராக்கும் குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டனர். 1989-இல் ஜெனன்டெக் நிறுவனத்தின் நெப்போலியோனே ஃபெராரா குழாய் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒரே மூலக்கூறு: விஇஜிஎஃப். கசிவும் வளர்ச்சியும் சேர்ந்ததுதானே ஈர வகை மாகுலா நோய்!

விஇஜிஎஃப்பைத் தடுக்கும் எதிர்ப்புரதமான பெவாசிசுமாப் 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதே மூலத்திலிருந்து கண்ணுக்கென ரானிபிசுமாப் என்ற சிறு துண்டு உருவாக்கப்பட்டது. 2006 ஜூனில் அதற்கும் அனுமதி கிடைத்தது. 716 பேரிடம் நடந்த அதன் சோதனையில், மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஓராண்டில் பெரிய சரிவின்றிப் பார்வையைக் காத்துக்கொண்டனர். உயர் அளவு பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் எழுத்துப் பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தார். ஊசி என்றாலே நடுங்குகிறோம், அதுவும் கண்ணுக்குள் மாதம் ஒன்று! ஆனாலும் நோயாளிகள் வரிசையில் வந்து நின்றார்கள்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. ரானிபிசுமாப் வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே, மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாபைக் கண்ணுக்குள் செலுத்திப் பலன் கண்டார். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிலிட்டர். நான்கு மில்லிலிட்டர் குப்பி ஒன்றில், சேதாரம் போனாலும், பல டஜன் ஊசிகள் தேறும். அப்போது அமெரிக்காவில் ஓர் ஊசி சுமார் 50 டாலராக இருந்தது. ரானிபிசுமாபோ சுமார் 2,000 டாலராக இருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வை அமெரிக்க அரசின் தேசிய கண் நிறுவனம் தன் செலவில் நடத்தியது. ஏறத்தாழ 1,200 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட முடிவு: பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். 2013-இல் பெவாசிசுமாப் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் கண் மருந்தாக இடம்பெற்றது. மலிவான மருந்தின் பயன்பாட்டைக் குறைக்கக் கைகோத்ததாக ரோஷ், நோவார்டிஸ் நிறுவனங்களுக்கு இத்தாலியப் போட்டி ஆணையம் 2014-இல் சுமார் 18 கோடி யூரோ அபராதம் விதித்தது.

மலிவுக்கு ஆபத்தும் உண்டு. ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கையில் கிருமி புகுந்தால் கண்ணே போகும். 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட பலர் பார்வை பாதிக்கப்பட்டதும், கண்ணுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. கண் மருத்துவர்கள் முறையிட்டபின் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ரானிபிசுமாபின் உயிரி ஒப்பு மருந்து உலகில் முதலில் விற்பனைக்கு வந்ததும் இந்தியாவில்தான், 2015-இல். ரானிபிசுமாபுக்குப் பிறகு வந்த அஃப்ளிபர்செப்டும் ஃபாரிசிமாபும் ஊசிகளுக்கு இடையிலான காலத்தை நீட்டின. அவை தாக்குவதும் முதன்மையாக அதே விஇஜிஎஃப்பைத்தான்.

உலர் வகையின் கதை இதற்கு நேர்மாறு. 2005 வசந்தத்தில் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரைகள், நோயெதிர்ப்பின் ஒரு கிளையான நிரப்பி அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் மரபணு ஒன்றின் மாறுபாட்டை இந்நோயோடு இணைத்தன. ஒரு குழு 96 நோயாளிகளையும் 50 நலமானவர்களையும் மட்டுமே வைத்து அதைக் கண்டது. மனித மரபணு முழுவதையும் அலசும் முறைக்கு அதுவே தொடக்க கால வெற்றி. காரணத்தின் வேரில் கை வைத்துவிட்டோம் என்ற எண்ணம் பரவியது. ஆனால் அந்த அமைப்பைத் தடுக்கும் இரு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற 2023 ஆயிற்று. அவை தேய்வு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன; இழந்த பார்வையை மீட்பதில்லை. நோயாளி உணரும் பலன் உறுதிப்படவில்லை என்று அவற்றுள் ஒன்றான பெக்செட்டகோபிளானை ஐரோப்பிய மருந்து முகமை 2024-இல் நிராகரித்தது.

காஸ் ஒன்றாக்கிய நோய் மருத்துவமனையில் இன்னும் இரண்டாகவே இருப்பதற்குக் காரணம் இங்கே தெளிவாகிறது. ஈர வகையில் தடுக்கப்படுவது நோயின் கடைசிக் கட்டம். அதற்கு ஒரே மூலக்கூறு போதும். உலர் வகையில் தடுக்க வேண்டியது பல பத்தாண்டுகளாக ஊறிய முதுமை மாற்றம். அதை ஒரு மூலக்கூறு தாங்கி நிற்கவில்லை. ஈர வகை நோயாளிக்கு ஊசி போட்டாலும் அடியில் உலர் தேய்வு தொடர்வது இதனால்தான்.

இதற்கிடையே செலவில்லாத அறிவும் சேர்ந்திருக்கிறது. புகைப்பது நோயின் வாய்ப்பைப் பெருக்குகிறது. விட்டமின் சி, ஈ, துத்தநாகம் அடங்கிய மாத்திரைகள் இடைநிலை நோயாளிகள் முற்றிய நிலைக்குச் செல்லும் வாய்ப்பைக் கால்பங்கு குறைப்பதாக 2001-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. பழைய கலவையிலிருந்த பீட்டா கரோட்டின் புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதால், 2013-க்குப் பின் லூட்டீனும் சியாசாந்தினும் அதன் இடத்தைப் பிடித்தன. நோய் இல்லாதவர் அம்மாத்திரையை விழுங்குவதில் பயனில்லை. கண்புரை அறுவை செய்தால் எல்லாம் சரியாகும் என்று இருந்துவிடுவதும் கூடாது. புரை வில்லையின் கோளாறு, இது விழித்திரையின் கோளாறு. சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் 1940-களில் வகுத்த கட்டக்கோட்டுத் தாள் இன்றும் வீட்டிலேயே பயன்படுத்தத் தக்கது. அறுபதைக் கடந்தவர்கள் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்தக் கோடுகளைப் பாருங்கள். அவை வளைந்தோ நடுவில் மறைந்தோ தெரிந்தால், மாதக் கணக்கில் தள்ளிப்போடாமல் அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள்.