குதிரைக் கவசம் முதல் டைமண்ட் வரை: ஆட்டத்துக்குள் வந்த கடையின் வரலாறு



தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பேச்சில் அண்மைக் காலமாக 'டாப்-அப்', 'டைமண்ட்', 'ரோபக்ஸ்' ஆகிய சொற்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. மொபைல் லெஜண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர் ஆகிய கைப்பேசி ஆட்டங்களில் டைமண்டும் ரோப்லாக்ஸில் ரோபக்ஸும் பணமாகப் புழங்குகின்றன. ஆட்டம் இலவசம். ஆனால், அதில் வரும் வீரனுக்குப் புது உடையோ ஆயுதமோ வேண்டுமென்றால் பெற்றோரின் பணத்தைக் கொடுத்து டைமண்ட் வாங்க வேண்டும். இவ்வாறு ஆட்டத்தைத் துண்டு துண்டாகச் சிறு தொகைக்கு விற்பதை ஆங்கிலத்தில் 'மைக்ரோ டிரான்சாக்‌ஷன்' என்பர். இக்கட்டுரையில் அதனைச் 'சிறுதொகைக் கொள்முதல்' எனக் குறிப்பிடுகிறேன்.

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஓர் உண்மை எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் பொருளின் உண்மை விலை பிள்ளையின் கண்ணிலிருந்து மேலும் ஒரு படி விலகிச் சென்றிருக்கிறது. அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. நாணயம் போட்டு ஆடிய காலம்

1978-ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்ட இயந்திரத்தை வெளியிட்டது. 100 யென் நாணயம் ஒன்றைப் போட்டால் ஓர் ஆட்டம் ஆடலாம். தோற்றவர் மீண்டும் ஆட இன்னொரு நாணயம் போட வேண்டும். 1990-இல் வந்த 'டபுள் டிராகன் 3' ஆட்டத்தில் ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு கடை தோன்றியது. மேலும் நாணயம் போட்டவருக்குக் கூடுதல் வலிமையும் ஆயுதமும் கிடைத்தன. ஆட்டத்துக்குள் கடை வைத்த தொடக்கக்கால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

அக்காலத்திலும் பிள்ளைகள் பணத்தை விரயமாக்கினர். எனினும், சட்டைப்பையில் எத்தனை நாணயம் உள்ளது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அது தீர்ந்தால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

2. கொரியா காட்டிய வழி

இன்றைய முறை வேர்விட்ட இடம் தென்கொரியா. அங்கு 1990-களின் இறுதியில் இணையக் கணினி நிலையங்கள் பெருகின. திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்ததால் வட்டில் பதித்த ஆட்டங்களை விற்றுப் பிழைப்பது கடினமாக இருந்தது. ஆகவே, நிறுவனங்கள் இணைய ஆட்டங்களின் பக்கம் திரும்பின. 1994-இல் தொடங்கப்பட்ட நெக்சான் நிறுவனம் 1999-இல் 'குயிஸ்குயிஸ்' என்னும் இணைய வினாடி வினா ஆட்டத்தை வெளியிட்டது. பின்னர், அதற்கான மாதக் கட்டணத்தைக் கைவிட்டு, ஆட்டத்தை இலவசமாக்கி, உடைகளையும் அணிகலன்களையும் விற்கத் தலைப்பட்டது. நுழைவு இலவசம், உள்ளே இருப்பவற்றுக்கு விலை என்னும் வழி அங்கே உருப்பெற்றது.

2003-இல் கொரியாவில் வெளிவந்த 'மேப்பல்ஸ்டோரி' 2005-இல் ஆசியாசாப்ட் நிறுவனத்தின் வழி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. பிள்ளைகள் கடைகளில் முன்பண அட்டை வாங்கி, அதிலிருந்த எண்ணைக் கணினியில் தட்டச்சு செய்து பொருள் வாங்கினர். இதனைப் படிக்கும் இளம் பெற்றோர் சிலர் அந்த அட்டையை வாங்கியவர்களாகவும் இருக்கக்கூடும். அட்டையை வாங்கக் கடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு திரையில் நடந்தவற்றில் ரிங்கிட்டும் இல்லை, சென்னும் இல்லை.

3. குதிரைக்கு ஒரு கவசம்

மேற்குலகில் இம்முறை பேசுபொருளானது 2006-இல்தான். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியையும் அதனோடு ஓர் இணையக் கடையையும் அறிமுகப்படுத்தியிருந்தது. அக்கடையில் 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' ஆட்டத்தில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தை 200 புள்ளிக்கு விற்பனைக்கு வைத்தது. முழு விலை கொடுத்து ஆட்டத்தை வாங்கியவர்கள் இதற்கும் தனியாகப் பணமா என்று கொதித்தனர். கேலி செய்தவர்கள் பலர். வாங்கியவர்களும் பலர்.

அந்த 'புள்ளி' என்பதைத்தான் ஆசிரியர்கள் உற்று நோக்க வேண்டும். 80 புள்ளிக்கு ஓர் அமெரிக்க டாலர். அப்படியானால் 200 புள்ளி என்பது 2.50 டாலர். அதே கவசம் கணினியில் ஆடுவோருக்கு நேரடியாக 1.99 டாலருக்கு விற்கப்பட்டது. மேலும், புள்ளிகளை 500, 1000, 2000, 5000 என்னும் கட்டுகளாகவே வாங்க இயன்றது.

இக்கணக்கை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். 500 புள்ளி வாங்கி, 200 புள்ளிப் பொருள் இரண்டு எடுத்தால் மீதம் 100. "இந்த மீதத்தை என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "இன்னொரு 500 வாங்கணும், டீச்சர்!" என்றான் ஒரு மாணவன். வகுப்பே ஆமோதித்தது. மீதமின்றி முடிக்க 1000 புள்ளி வாங்கி ஐந்து பொருள் எடுக்க வேண்டும், செலவு 12.50 டாலர். ஒரு கவசம் வாங்கப் போனவன் ஐந்து பொருளோடு வெளியே வருகிறான். மைக்ரோசாப்ட் 2013-இல் புள்ளி முறையைக் கைவிட்டு உண்மை நாணயத்துக்கு மாறியது. ஆனால், கட்டுக்கட்டாக விற்கும் அதே உத்தி இன்று டைமண்ட் விற்பனையில் தொடர்கிறது.

4. கைப்பேசியும் கடவுச்சொல்லும்

ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் கைப்பேசிச் செயலிகளுக்குள் பொருள் விற்க அனுமதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் அவ்வனுமதி கிடைத்தது. சிறுவர் ஆட்டங்களில் அதன் விளைவு விரைவில் தெரிந்தது. 2010-இல் வந்த 'ஸ்மர்ப்ஸ் வில்லேஜ்' என்னும் சிறுவர் ஆட்டத்தில் ஒரு வண்டிப் பழத்தின் விலை 99.99 டாலர். பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காமலேயே பணம் கழிந்தது. பழம் பறிப்பதும் பழம் வாங்குவதும் சிறு பிள்ளைக்கு ஒரே விரல் தொடுகைதான்.

அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இதனை விசாரித்தது. ஒரு தாயின் மகள் ஒரே ஆட்டத்தில் 2,600 டாலர் செலவழித்த முறையீடும் அதில் இருந்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகிள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு உடன்பட்டது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தின் எபிக் கேம்ஸ் நிறுவனம், தெரியாமல் வாங்க வைக்கும் பொத்தான் அமைப்புக்காக 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித் தர இசைந்தது.

பெற்றோர் இத்தொகைகளை நினைவில் கொள்ள வேண்டும். கட்டண விவரத்தைக் கண்டதும் பிள்ளையைத் 'திருடன்' என்று ஏசும் வீடுகள் உண்டு. பெரியவர்களே தடுமாறும்படி அமைந்த கடையில் எட்டு வயதுப் பிள்ளை தடுமாறியதற்குத் திருட்டு என்று பெயரிடுவது தகாது.

5. பெட்டிக்குள் என்ன?

இறுதிப்படியில் விலை மட்டுமன்றி, வாங்கும் பொருளும் மறைந்தது. காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தை ஜப்பானில் 'கச்சாபோன்' என்பர். 2004-இல் ஜப்பானிய 'மேப்பல்ஸ்டோரி'யில் அதே பெயரில் 100 யென் சீட்டு வந்தது. சீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது வாங்கிய பின்னரே தெரியும்.

குறிப்பிட்ட பொருள்கள் அனைத்தையும் குலுக்கலில் சேர்த்தால் பெரும் பரிசு என்னும் முறையை ஜப்பான் 2012-இல் தடுத்தது. 2017-இல் சீனா, எப்பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் எனப் பணித்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என அறிவித்தது.

2025 ஜனவரியில், 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தை விற்ற நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த இசைந்ததாக அமெரிக்க ஆணையம் அறிவித்தது. அந்த உடன்பாட்டின்படி, பெற்றோர் இசைவின்றி 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெட்டிகளை விற்கலாகாது. பெட்டிகளை உண்மைப் பணத்தில் நேரடியாக வாங்கும் வழியும் இருக்க வேண்டும். ஐம்பதாண்டு காலம் படிப்படியாக மறைக்கப்பட்ட விலையை மீண்டும் கண்முன் வைக்கச் சட்டம் முயல்கிறது.

6. நாம் செய்யத்தக்கவை

சிறுதொகைக் கொள்முதல் முழுவதும் தீது என்று நான் கருதவில்லை. ஆட்டத்தை உருவாக்குவோருக்கும் ஊதியம் வேண்டும். பணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளையும் நண்பர்களோடு சேர்ந்து ஆட இம்முறை இடம் தருகிறது. பிள்ளை தெரிந்து வாங்குகிறதா என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும். அதற்குச் சில வழிகள்:

• கைப்பேசியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திடுக. வங்கி அட்டை எண்ணைப் பிள்ளையின் கருவியில் சேமிக்காதீர்.

• டாப்-அப் செய்து தருவதாயின் மாதத்துக்கு ஒரு தொகையை முடிவு செய்க. அத்தொகையை முதலில் ரொக்கமாகப் பிள்ளையின் கையில் கொடுத்து, பிள்ளையே உங்களிடம் திருப்பித் தந்த பின்னர் டாப்-அப் செய்க.

• "எத்தனை டைமண்ட்?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை ரிங்கிட்?" என்று கேட்டுப் பழகுக.

• ஆசிரியர்கள் கணிதப் பாடத்தில் 'பணம்' தலைப்பைக் கற்பிக்கும்போது பழம், பென்சில் கணக்குகளோடு டைமண்ட் கணக்கையும் சேர்க்கலாம். கட்டின் விலை, ஒரு டைமண்டின் விலை, வாங்கியபின் எஞ்சும் மீதம் ஆகிய மூன்றையும் மாணவரே கண்டறியட்டும்.

என் வகுப்பில் அந்தக் குதிரைக் கவசக் கணக்கைச் செய்து முடித்த மாணவி ஒருத்தி, தான் விரும்பும் ஆட்டத்தின் ஓர் உடைக்கு எத்தனை ரிங்கிட் ஆகும் என்று தானாகவே கணக்கிட்டாள். விடையைக் கண்டதும், "இது என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு, டீச்சர்" என்றாள். வாங்குவதா வேண்டாமா என்பதை நான் சொல்லவில்லை. விலை அவளுக்கு இப்போது தெரியும்.