கிட் பீக் மலையில் 1966 லியோனிட் எரிகல் பொழிவு

1966 நவம்பர் 17 அதிகாலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட் பீக் மலையிலிருந்து, டெனிஸ் மிலன் தலைமையில் 13 பொழுதுபோக்கு வானியலாளர்கள் லியோனிட் எரிகல் பொழிவை உற்றுநோக்கினர். மணிக்கு 1,44,000 எரிகற்கள் என்று நூல்களில் பல காலமாக எடுத்தாளப்பட்டுவரும் எண்ணிக்கை இவர்களின் பதிவிலிருந்து வந்ததாகும். அந்த எண் பிறந்த விதம் அறியத்தக்கது.

டெம்பெல்-டட்டில் என்னும் வால்வெள்ளி சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கி வந்து, தன் பாதையில் தூசியை விட்டுச் செல்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் நடுவில் புவி அப்பாதையைக் கடக்கும்போது, அத்துகள்கள் வினாடிக்கு 71 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்தில் புகுந்து எரிகின்றன. அவை சிம்ம விண்மீன் குழுவில், மகம் விண்மீனுக்கு அருகிலிருந்து கிளம்புவதுபோல் தோன்றும். வழக்கமான ஆண்டில் மணிக்குப் பத்துப் பதினைந்து தென்பட்டாலே அதிகம். தூசி அடர்ந்த இழை ஒன்றினுள் புவி நேராகப் புகுந்தால் மட்டுமே பெரும்பொழிவு நிகழும். 1833இல் வட அமெரிக்காவிலும் 1866இல் ஐரோப்பாவிலும் அப்படி நிகழ்ந்தது. 1833 பொழிவுக்குப் பின் யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட், கண்டவர்கள் எழுதியனுப்புமாறு செய்தித்தாள் வழியாக வேண்டினார். எரிகல் ஆய்வில் பொதுமக்களின் பங்கு அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த பெரும்பொழிவு 1899இல் வருமெனப் பலர் நம்பினர். செய்தித்தாள்களும் பெரிதாக எழுதின. ஆனால் வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பால் தூசிப் பாதை விலகிப்போயிருந்தது. மக்கள் விடிய விடியக் காத்திருந்து ஏமாந்தனர். 1930களிலும் பெரும்பொழிவு இல்லை. இதனால் 1966இல் எதிர்பார்ப்பு அடக்கமாகவே இருந்தது.

கிட் பீக் சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ளது. டூசான் நகருக்குத் தென்மேற்கே, தேசிய வானாய்வகம் அமைந்த மலை. குழுவினர் தொடக்கத்தில் முறைப்படி வேலை செய்தனர்: ஒவ்வோர் எரிகல்லின் தடத்தையும் விண்மீன் வரைபடத்தில் கோடாகக் குறித்தனர். முதலில் கிடைத்தவை சில பத்துகள்தாம். பின்னர் வேகம் கூடியது. நிமிடத்துக்கு 30 ஆனதும் வரைவது இயலாமற்போக, எண்ண மட்டுமே முடிந்தது. நிமிடத்துக்குச் சில நூறு என்றானபோது எண்ணுவதும் கைவிட்டுப்போயிற்று. அப்போது அவர்கள் செய்தது எளிய ஓர் உத்தி. தலையை ஒரு வினாடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பி, அதற்குள் எத்தனை தென்பட்டன என்று மதிப்பிட்டனர். காலை 5 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு அது வினாடிக்கு 40 என்ற உச்சத்தை எட்டியது. 40ஐ 3,600ஆல் பெருக்கினால் 1,44,000 வரும். ஆனால் உச்சநிலை ஒரு மணி நேரம் நீடிக்கவில்லை. அத்தனை எரிகற்களை எவரும் பார்க்கவுமில்லை. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

தமிழகத்தில் அப்போது மாலை 5.25 மணி. சூரியன் மறைந்திருக்கவில்லை, சிம்மம் எழுவதற்கு நள்ளிரவு ஆகும். ஆகவே இங்கு அதைக் காண வாய்ப்பே இல்லை.

அந்த எண் சரிதானா என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. பீட்டர் யென்னிஸ்கென்ஸ் 1990களில் பழைய பதிவுகளை மறுபரிசீலனை செய்து, உச்ச வீதம் சுமார் 15,000 அளவிலேயே இருந்திருக்கும் என்றார். வேறு சிலர் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த மதிப்பையே ஏற்றனர். பொழியும் வானத்தில் கண் மிகைப்படுத்துவது இயல்பே. எனினும் குழுவினர் மீது குறை காண இடமில்லை என்றே தோன்றுகிறது. அது எண்ணிய தொகையன்று, மதிப்பீடு என்பதை மிலன் மறைக்கவில்லை. எந்த முறையில் பெற்றது என்றும் எழுதிவைத்தார். பிற்காலத்தார் ஐயம் எழுப்ப முடிந்ததே அதனால்தான். 1988இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு எரிகல் அமைப்பு, ஒவ்வொரு பார்வையாளரும் தனித்தனியே எண்ண வேண்டும், கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீனின் ஒளியளவையும் மேகம் மறைத்த பங்கையும் குறிக்க வேண்டும் என்று கேட்கிறது.

ராபர்ட் மெக்நாட், டேவிட் ஆஷர் ஆகியோர் தூசி இழைகளின் பாதையைத் தனித்தனியே கணித்து, 1999 நவம்பர் 18இல் உலக நேரம் 2.08 மணியளவில் உச்சம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தனர். சில நிமிட வேறுபாட்டில் அது நிகழ்ந்தது. வீதம் மணிக்குச் சுமார் 3,700. இதே முறையில் 1966 பொழிவின் மூலமும் தெரியவந்தது. கிட் பீக்கில் கொட்டிய தூசி, மக்கள் ஏமாந்து வீடு திரும்பிய அதே 1899இல் வால்வெள்ளி சூரியனை நெருங்கியபோது உதிர்த்ததாகும்.